மின்சாரம் நின்ற வேளையிலே



கிராமத்தில் நாம் சிறுபிள்ளைகளாயிருந்த நாட்களில் மின்சாரம் நிற்பது ஒரு பெரிய காரியமல்ல. அரிக்கேன் விளக்கைத் துடைத்துத் திரியை ஏற்றுவார்கள். திண்ணையில் பாய் விரித்துப் படுப்போம். கிணற்றில் தண்ணீர் இருக்கும். அடுத்த வீட்டுக்காரர் கூப்பிடும் தூரத்தில் இருப்பார். பிழைப்பைத் தேடிப் பட்டணத்திற்கு வந்து மூன்றாம் மாடியில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்த பிறகுதான், மின்சாரம் நின்றால் அதோடுகூட எத்தனை காரியங்கள் நின்றுபோகின்றன என்பதைக் கண்டுகொள்கிறோம். மோட்டார் நிற்கிறது, தண்ணீர் ஏறுவதில்லை. மின்விசிறி நிற்கிறது, பிள்ளை உறங்குவதில்லை. கைப்பேசியின் பேட்டரி தீர்ந்துவிட்டால் வங்கிக் கணக்கும், கேஸ் பதிவும், வேலைக்கான அழைப்பும், ஊரில் இருக்கிற தாய் தகப்பனின் குரலும் ஒரே நேரத்தில் அறுந்துபோகின்றன.

நான் 2005-ஆம் ஆண்டில் டெல்லியின் எல்லையை ஒட்டி, உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு குடியிருப்பில் வந்து சேர்ந்தவன். கணக்கு எழுதுவது என் தொழில், மின்சாரவேலை கற்றவனல்ல. ஆகிலும் இத்தனை ஆண்டுகளில் கோடைகால மின்வெட்டுகளும், சில இக்கட்டான இராத்திரிகளும், விவரம் அறிந்தவர்களிடம் கேட்டறிந்த காரியங்களும் எனக்கு ஒரு சிறு பாடத்தைக் கற்றுத்தந்திருக்கின்றன. என்னைப்போல வாடகை அறையில் குடியிருக்கிற குடும்பங்களுக்கு அது பிரயோஜனமாயிருக்கும் என்று எண்ணி இதை எழுதுகிறேன்.

இருபது மாநிலங்கள் இருண்ட நாட்கள்

2012-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி அதிகாலை இரண்டரை மணியளவில் வடஇந்தியாவின் மின்தொகுப்பு முழுவதும் செயலிழந்தது. அன்று பகலில் மெல்ல மெல்லச் சீராக்கினார்கள். மறுநாள் ஜூலை 31-ஆம் தேதி பகல் ஒரு மணியளவில் மறுபடியும் விழுந்தது; இம்முறை வடக்கோடு கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழுந்தன. ஏறத்தாழ இருபது மாநிலங்களில், சுமார் 60 கோடி மக்கள் வாழும் நிலப்பரப்பில் மின்சாரம் இல்லை. நூற்றுக்கணக்கான ரயில்கள் வழியில் நின்றன. டெல்லி மெட்ரோவும் நின்றது. உலக வரலாற்றிலேயே மிக அதிகமான மக்களைப் பாதித்த மின்தடை என்று அதைச் சொல்லுகிறார்கள்.

தென்னிந்திய மின்தொகுப்பு அந்நாட்களில் மற்ற பகுதிகளோடு ஒரே தொகுப்பாக இணைக்கப்படாமலிருந்தபடியால் அங்கே அந்தப் பாதிப்பு இல்லை. 2013-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதி ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்பாதை இணைக்கப்பட்ட பின்புதான் முழுத் தேசமும் ஒரே தொகுப்பாயிற்று. ஆகிலும் 2012-இல் தமிழ்நாட்டுக் கிராமங்களும் சுகமாயிருக்கவில்லை. உற்பத்திப் பற்றாக்குறையினால் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தது. பட்டுக்கோட்டைப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு நான் போன் செய்தால், "இங்கேயும் அதே கதைதான் தம்பி" என்பார்கள் அம்மா.

அந்த ஜூலை 30-ஆம் தேதி இராத்திரி எங்கள் வீட்டில் நடந்தது என்னவென்றால், அப்பொழுது மூன்று வயதாயிருந்த எங்கள் இளைய மகளுக்கு மூச்சிரைப்பு. மருத்துவர் சொல்லியிருந்தபடி நள்ளிரவு கடந்து நெபுலைசரில் மருந்து ஊற்றி முகத்தில் வைத்துக்கொண்டிருந்தோம். மருந்து பாதிகூட முடியவில்லை. இயந்திரம் நின்றது, விசிறி நின்றது, தெருவிளக்கும் அணைந்தது. என் மனைவி பிள்ளையை நிமிர்த்தி மடியில் உட்காரவைத்து, விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்ளே இழுக்கிறதா என்று கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பேசியில் பேட்டரி ஒரு கட்டம்தான் மீதியிருந்தது. ஆட்டோவைக் கூப்பிட வேண்டுமானால் அதை வைத்துத்தான் கூப்பிடவேண்டும். ஆகையால் சற்று நேரத்தில் அந்த வெளிச்சத்தையும் அணைத்துவிட்டோம். இருட்டில் பிள்ளையின் மூச்சுச் சத்தத்தை மாத்திரம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

கீழ்த்தளத்தில் ஒரு பஞ்சாபி மூதாட்டி குடியிருந்தார். அந்தத் தெருவில் எல்லாரும் அவரை மாதாஜி என்றே அழைப்போம். அவர் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. பிள்ளையின் இருமல் படிக்கட்டு வழியாகக் கேட்டிருக்கவேண்டும்; நாங்கள் போய்க் கேட்பதற்கு முன்னே கதவைத் திறந்து, "மிஷினை எடுத்துக்கொண்டு கீழே வாருங்கள், பிள்ளையை முதலில் கொண்டுவாருங்கள்" என்று இந்தியில் சத்தமிட்டார். அவருடைய இன்வெர்ட்டரில் நெபுலைசர் வழக்கத்துக்கு மாறாக உறுமிக்கொண்டே ஓடியது, ஆனால் ஓடியது. விடியும்போது பிள்ளை உறங்கினாள். மாதாஜி எங்களுக்குத் தேநீர் போட்டுக்கொடுத்து, உறங்குகிற பிள்ளைக்குத் தாமே விசிறிக்கொண்டிருந்தார்.

நான்கு நாள் கழித்து மருத்துவரிடம் சென்றபோது நடந்ததைச் சொன்னோம். அவர் ஒரு பிளாஸ்டிக் குழாயையும் சிறு முகமூடியையும் மேசைமேல் வைத்தார். ஸ்பேசர் என்று அதற்குப் பெயர். இன்ஹேலரை ஒரு முனையில் பொருத்தி, மறுமுனையிலுள்ள முகமூடியைப் பிள்ளையின் முகத்தில் வைத்து, ஒரு முறை அழுத்தி, ஐந்தாறு முறை மூச்சு வாங்கச் செய்யவேண்டும். மிகக் கடுமையான நிலை தவிர, பெரும்பாலான வேளைகளில் சிறுபிள்ளைகளுக்கு இது நெபுலைசருக்கு இணையான பலனைத் தரும் என்றார். இதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. விலையும் நெபுலைசரைவிடக் குறைவு.

பேட்டரியைப்பற்றி எழுத வந்தவன் முதலாவது பேட்டரி வேண்டாத ஒரு பொருளைச் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. மின்தடைக்கு ஆயத்தமாகிறவர்கள் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, "இந்தக் காரியம் மின்சாரமில்லாமல் நடக்க வழி உண்டா?" என்பதே. உங்கள் வீட்டில் மூச்சிரைப்புள்ள பிள்ளையோ பெரியவரோ இருந்தால் இந்தக் கேள்வியை உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். மூச்சு வாங்கும்போது மார்பு உள்ளே இழுத்தாலும், பேச முடியாமல் திணறினாலும், உதடு நீலம் பாய்ந்தாலும் எந்த உபகரணத்துக்காகவும் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் புறப்படவேண்டும்.

தொட்டியும் குழாயும்

பேட்டரி வாங்கச் செல்லும்போது கடைக்காரர் சொல்லுகிற எண்கள் நம்மைக் குழப்புகின்றன. 20,000 என்பார், 150 என்பார், 600 என்பார். மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொண்டால் இது விளங்கிவிடும். தொட்டி எத்தனை லிட்டர் கொள்ளும் என்பது ஒன்று. அதிலிருந்து வரும் குழாய் எவ்வளவு அகலம் என்பது வேறொன்று. பேட்டரியில் தொட்டியின் அளவை வாட்-மணி என்றும், குழாயின் அகலத்தை வாட் என்றும் சொல்லுகிறோம்.

வாட்-மணியைக் காண்பதற்கு வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் போதும். 20,000 என்று எழுதியிருக்கிற பவர் பேங்கில் உள்ளேயிருக்கும் லித்தியம் செல்லின் வோல்ட் 3.7. ஆகவே 20 ஆம்பியர்-மணியை 3.7-ஆல் பெருக்க 74 வாட்-மணி. அதை 5 வோல்ட்டாக மாற்றும்போதும், கேபிள் வழியாகச் செல்லும்போதும், கைப்பேசிக்குள் ஏறும்போதும் ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. மூன்றில் இரண்டு பங்கு நம் கைக்கு வரும் என்று கணக்குப்போடுவது நல்லது. இக்காலத்துக் கைப்பேசிகள் பலவற்றில் 5,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி உண்டு. அது சுமார் 19 வாட்-மணி. ஆகையால் 20,000 என்று எழுதிய பவர் பேங்க் அப்படிப்பட்ட கைப்பேசியை இரண்டரை முறை நிரப்பும். நான்கு முறை நிரப்பவில்லையே என்று கடைக்காரரோடு வாக்குவாதம் செய்யவேண்டியதில்லை. நல்ல தயாரிப்புகளின் பின்புறத்தில் சிறு எழுத்துக்களில், 5 வோல்ட்டில் உண்மையாய்க் கிடைக்கும் அளவு என்று குறைவான இன்னொரு எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண்ணைத்தான் நாம் பார்க்கவேண்டும்.

இப்பொழுது அந்த நெபுலைசருக்கு வருவோம். சுருக்கியால் இயங்கும் சாதாரண நெபுலைசர் 100 முதல் 150 வாட் வரை இழுக்கக்கூடியது. பத்து நிமிடம் ஓடினால் 25 வாட்-மணிக்குமேல் செலவாகாது. தொட்டியின் கணக்கின்படி பார்த்தால் ஒரு பவர் பேங்கே அதற்குப் போதும். ஆனால் பவர் பேங்கின் குழாய் ஒடுங்கியது. 230 வோல்ட்டையும் அது தருவதில்லை. ஆகவேதான் இன்வெர்ட்டர் தேவைப்பட்டது. மாதாஜி வீட்டில் அது உறுமியதற்கும் காரணம் உண்டு. பழைய மலிவான இன்வெர்ட்டர்கள் சதுர அலை மின்சாரத்தைத் தருகின்றன; மோட்டார் உள்ள கருவிகள் அதில் சத்தமிடும், சூடாகும். சைன் அலை இன்வெர்ட்டரில் அந்தத் தொல்லை இல்லை. புதிதாக வாங்குகிறவர்கள் இந்த ஒரு வார்த்தையைக் கேட்டு வாங்குவது நலம்.

வாடகை அறைக்கு ஏற்றவை

சொந்த வீடு உள்ளவர்கள் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியோடு இன்வெர்ட்டர் வைத்துக்கொள்ளுகிறார்கள். அது 1,800 வாட்-மணி. இழப்புகளைக் கழித்து, பேட்டரியை அடிமட்டம் வரை காலிசெய்யாமலும் பயன்படுத்தினால் 1,000 வாட்-மணிக்குச் சற்று ஏறக்குறைய நமக்குக் கிடைக்கும். இரண்டு விசிறி, மூன்று விளக்குகளுக்கு அது சில மணி நேரம் தாராளமாய் வரும். ஆனால் 11 மாத ஒப்பந்தத்தில் வீடு மாறுகிற நமக்கு, 50 கிலோவுக்குமேல் எடையுள்ள அந்தப் பேட்டரியைப் படியேற்றி இறக்குவதும், வீட்டுக்காரரின் ஒயரிங்கில் கை வைப்பதும் எளிதல்ல. ஆகையால் சிறியவற்றையே நான் சொல்லுகிறேன்.

முதலாவது வெளிச்சம். உள்ளே சிறு லித்தியம் செல் வைத்த எல்இடி பல்புகள் கடைகளில் கிடைக்கின்றன. சாதாரண பல்பு மாட்டும் ஹோல்டரிலேயே மாட்டலாம். மின்சாரம் நின்றதும் தானே எரியும். வகைக்குத் தக்கபடி மூன்று நான்கு மணி நேரம் வரும். சுவிட்ச் போட்டபடியே இருந்தால்தான் எரியும் என்பதை மாத்திரம் வீட்டிலுள்ள எல்லாருக்கும் சொல்லிவைக்கவேண்டும். சமையலறைக்கு ஒன்று, குளியலறைப் பக்கம் ஒன்று போதும். பெரியவர்கள் இருட்டில் இடறி விழுவதை இவை தடுக்கும். மெழுகுவர்த்தி, கேஸ் சிலிண்டரோடு ஒரே அறையில் வாசம்பண்ணுகிற நம்மைப்போன்றவர்களுக்கு ஏற்றதல்ல.

இரண்டாவது இணையம். கொரோனா காலத்தில், 2020-ஆம் ஆண்டில், பிள்ளைகளின் வகுப்புகள் கைப்பேசிக்குள் வந்தபோது இது பெரிய தேவையாயிற்று. ரவுட்டர் என்னும் பெட்டி பெரும்பாலும் 12 வோல்ட்டில், 10 வாட்டுக்கு உட்பட்டே இயங்குகிறது. அதற்கென்றே கையளவுள்ள சிறு யூபிஎஸ்கள் வந்திருக்கின்றன. சுவரிலிருந்து வரும் ஒயரை அதில் செருகி, அதிலிருந்து ரவுட்டருக்கு ஒயர் கொடுக்கவேண்டும். 30 முதல் 37 வாட்-மணி கொள்ளுகிற ஒன்று, ரவுட்டரைச் சுமார் மூன்று நான்கு மணி நேரம் தாங்கும். வாங்கும்போது நம்முடைய ரவுட்டரின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும், அதன் பின்னின் தடிமனும் பொருந்துகிறதா என்று பார்க்கவேண்டும். 9 வோல்ட் கருவிக்கு 12 வோல்ட் கொடுத்தால் கருவி கெட்டுப்போகலாம்.

மூன்றாவது கணினி. மேசைக் கணினிக்கு வைக்கிற 600 விஏ யூபிஎஸ்ஸில் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரிதான். சில நிமிடங்களில் வேலையைச் சேமித்துக் கணினியை ஒழுங்காய் நிறுத்துவதற்காகவே அது செய்யப்பட்டது. மணிக்கணக்காய் வேலை செய்யவேண்டுமென்றால் மடிக்கணினியே நல்லது. அதற்குள் பேட்டரி இருக்கிறது.

நான்காவது மருத்துவக் கருவிகள். 2021-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் டெல்லியில் அநேக வீடுகளில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் ஓடியது. நிமிடத்துக்கு 5 லிட்டர் தருகிற கருவி 300 வாட்டுக்கு மேல் இழுக்கும். மேலே சொன்ன பெரிய இன்வெர்ட்டரில்கூட அது மூன்று மணி நேரம் ஓடினால் அதிகம்; அதுவும் பேட்டரி புதிதாயிருந்தால். ஆகையால் அப்படிப்பட்ட நோயாளி வீட்டிலிருந்தால் பேட்டரியை மாத்திரம் நம்பாமல், மாற்றாக ஒரு சிலிண்டரும், ஆம்புலன்ஸ் எண்ணும் கைவசம் வேண்டும்.

கஜா புயலும் அம்மாவின் கைப்பேசியும்

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னைகள் இலட்சக்கணக்கில் சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசை வரிசையாய் விழுந்தன. எங்கள் ஊரும் அந்தப் பாதையில் இருந்தது.

முந்தின நாள் இரவு ஒன்பது மணிக்கு அம்மாவோடு பேசினேன். காலையில் அழைத்தால் தொடர்பு இல்லை. அண்ணனின் எண்ணும் இல்லை, பக்கத்து வீட்டு எண்ணும் இல்லை. டெல்லியில் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு இரண்டு நாள் கழித்தோம். வீடு இருக்கிறதா, அம்மா இருக்கிறார்களா என்று அறிய வழியில்லை. கைப்பேசிக் கோபுரங்களிலும் பேட்டரி உண்டு. அது சில மணி நேரமே தாங்கும். அதன் பிறகு டீசல் ஜெனரேட்டர். டீசல் கொண்டுபோக வழியில்லாமல் மரங்கள் சாலையை மறித்துக்கிடக்கும்போது கோபுரமும் அணைந்துபோகிறது. நம் கையில் முழுதாய் நிரப்பிய கைப்பேசி இருந்தாலும் அந்த வேளையில் அது பேசாது.

மூன்றாம் நாள் சாயங்காலம் அறியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"தம்பி, நான்தாம்ப்பா. அம்மா பேசுறேன்."

"அம்மா! எப்படிம்மா இருக்கீங்க? அண்ணன் எங்கே?"

"எல்லாரும் இருக்கோம்ப்பா. கொல்லையில ஒரு மரமும் மிச்சமில்ல. வீட்டு ஓடு கொஞ்சம் போயிடுச்சு. இது கடைக்காரர் போனு; ரோட்டுக்கு வந்தாத்தான் சிக்னல் கிடைக்குது. ரொம்ப நேரம் பேச முடியாது. கரண்டு வர நாளாகும்ங்கிறாங்க. நீ கவலைப்பட்டு லீவு போட்டு ஓடி வராதே."

அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட இராது. கடைவீதியில் ஒருவர் ஜெனரேட்டர் வைத்து, கட்டணம் வாங்கிக்கொண்டு கைப்பேசிகளுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொடுத்தாராம். அதற்கும் நீண்ட வரிசையாம். எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்ப வர வாரங்கள் ஆயின.

அந்த ஒரு நிமிட சம்பாஷணையில் நானும் அம்மாவும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். நாள் முழுவதும் கைப்பேசியை அணைத்து வைக்கவேண்டும். சாயங்காலம் ஏழு மணிக்குச் சாலைக்கு வந்து பத்து நிமிடம் மாத்திரம் திறக்கவேண்டும். அந்த நேரத்தில் நான் மாத்திரம் அழைப்பேன். மற்றப் பிள்ளைகளுக்கு நான் செய்தி சொல்லிவிடுவேன். இப்படிச் செய்தபடியால் ஒரு முறை ஏற்றிய சார்ஜ் அம்மாவின் பழைய பட்டன் போனில் ஒரு வாரத்துக்குமேல் வந்தது. நாங்கள் ஐந்து பேரும் மாறி மாறி அழைத்திருந்தால் இரண்டு நாளில் தீர்ந்திருக்கும். அடுத்த முறை ஊருக்குப் போனபோது ஒரு பவர் பேங்கும், சூரிய ஒளியில் சார்ஜ் ஏறும் விளக்கு ஒன்றும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆகிலும் அந்தப் பட்டன் போனை எடுத்துவிடவில்லை. தொடுதிரைக் கைப்பேசி ஒரு நாளில் தீர்ந்துபோகும். அதுவோ பல நாள் தாங்கும்.

ஜாக்கிரதையாயிருக்கவேண்டிய காரியங்கள்

ஈய அமில பேட்டரி 1859-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்து காஸ்தோன் பிளாந்தே என்பவர் கண்டுபிடித்தது. லித்தியம் அயனி பேட்டரி 1991-இல் கடைகளுக்கு வந்தது; அதை உருவாக்கிய மூவருக்கு 2019-ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு கொடுக்கப்பட்டது. இரண்டும் நமக்கு ஒத்தாசையாயிருக்கின்றன. ஆனால் இரண்டின் சுபாவமும் வேறு.

ஈய அமில பேட்டரியைக் காலியாய் வைத்திருந்தால் அதன் தகடுகளில் உப்புப்படிவு ஏறிச் செத்துப்போகும். ஆகவே யூபிஎஸ்ஸையும், பழைய வகை எமர்ஜென்சி விளக்கையும் பயன்படுத்தாவிட்டாலும் மாதம் ஒரு முறை முழுதாய்ச் சார்ஜ் செய்யவேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரிக்குக் காய்ச்சி வடித்த தண்ணீரை மாத்திரமே ஊற்றவேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது. சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். ஆகவே காற்றோட்டமுள்ள இடத்தில், அடுப்புக்கும் தீபத்துக்கும் தூரமாய் வைக்கவேண்டும்.

லித்தியம் பேட்டரிக்கு வெப்பமே சத்துரு. வடஇந்தியக் கோடையில் ஜன்னலோரத்திலோ, நிறுத்தி வைத்த வண்டிக்குள்ளோ பவர் பேங்கை வைக்கலாகாது. நெடுநாள் எடுத்துவைப்பதானால் பாதியளவு சார்ஜோடு வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ளவேண்டும். தலையணைக்குக் கீழும் மெத்தையின்மேலும் வைத்துச் சார்ஜ் ஏற்றவேண்டாம், வெறுந்தரையே நல்லது. பேட்டரி உப்பியிருந்தால் அதை அழுத்தவோ குத்தவோ மறுபடி சார்ஜ் ஏற்றவோ கூடாது. எரியும் பொருட்களுக்கு அப்பால் வைத்து, மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுத்துவிடவேண்டும். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறுவது தயாரிப்பாளரின் கடமை. குப்பை பொறுக்கும் பிள்ளைகளின் கைக்கு அது போகாதபடி பார்த்துக்கொள்வது நம்முடைய பொறுப்பு.

நடைபாதையில் மிகக் குறைந்த விலைக்குப் பெரிய எண் எழுதி விற்கப்படும் பவர் பேங்குகளை விட்டுவிடுங்கள். பவர் பேங்குகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் கட்டாயப் பதிவு உண்டு. அதன் முத்திரையும் பதிவெண்ணும் பொருளின்மேல் அச்சிடப்பட்டிருக்கவேண்டும். விமானத்தில் ஊருக்குப் போகிறவர்கள் பவர் பேங்கைக் கையில் எடுத்துச்செல்லும் பையில்தான் வைக்கவேண்டும். சரக்கோடு அனுப்பும் பெட்டியில் வைக்க அனுமதியில்லை. ரயிலில் போகிறவர்கள் இரண்டு இராத்திரிப் பயணத்துக்கு இருக்கையோரத்துச் சாக்கெட்டை மாத்திரம் நம்பாமல், புறப்படும் முன்னே நிரப்பிக்கொள்வது நலம்.

இந்த வாரத்தில் செய்யக்கூடியது

பிரியமானவர்களே, இவைகளையெல்லாம் ஒரே நாளில் வாங்கவேண்டுமென்று நான் சொல்லவில்லை. மாதச் சம்பளத்தில் வாடகையும், பள்ளிக் கட்டணமும், ஊருக்கு அனுப்பும் பணமும் போக மீதியிருப்பது எவ்வளவு என்பது எனக்குத் தெரியும். காசு செலவில்லாத காரியங்களையே முதலில் செய்யுங்கள்.

ஒரு தாளில் ஐந்து தொலைபேசி எண்களைப் பேனாவால் எழுதிக் கதவுக்குப் பின்னே ஒட்டுங்கள். கைப்பேசி அணைந்துபோன பிறகு எத்தனை பேருக்குத் தங்கள் மனைவியின் எண்ணாவது மனப்பாடமாய்த் தெரியும்? ஊரிலிருக்கும் பெற்றோரோடு பேசி, தொடர்பு அறுந்தால் எந்த நேரத்தில், யார், யாருக்கு அழைப்பது என்று இப்பொழுதே தீர்மானம் பண்ணுங்கள். வீட்டில் ஏற்கெனவே இருக்கிற எமர்ஜென்சி விளக்கை இன்றிரவு அணைத்துப் பார்த்து எவ்வளவு நேரம் எரிகிறது என்று கவனியுங்கள். மருந்தோ கருவியோ தேவைப்படுகிறவர் வீட்டிலிருந்தால், மின்சாரமில்லாத வழியை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

அதன் பிறகு உங்கள் கட்டடத்தில் தனியாய்க் குடியிருக்கிற முதியவர் யார் என்று விசாரியுங்கள். அவருக்குப் பாஷை வேறாயிருக்கலாம். மாதாஜி இப்பொழுது தமது மகனோடு லூதியானாவில் இருக்கிறார்; அவர் இருந்த கீழ்வீட்டில் பீகாரிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதியர் குடியிருக்கிறார்கள். அவர்களுடைய அறையில் மாட்டுவதற்கு அந்த எல்இடி பல்பு ஒன்றைச் சென்ற மாதம் என் இளைய மகள் கொண்டுபோய்க் கொடுத்தாள். சுவிட்சை அணைக்கக்கூடாது என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வந்தாளாம். அவளுடைய பையில் பள்ளிப் புத்தகங்களோடு அந்த இன்ஹேலரும் இருக்கிறது. இரண்டு வருஷமாக அதற்கு அதிகம் வேலையில்லை.